மணிக்கூண்டு வளைவு

அந்தப் பையை மட்டும் கால்ல தட்டிராத தாயி. உள்ள காராச்சேவு இருக்கு, நொறுங்கிப் போயிரும். எனக்கில்ல, எனக்கு எண்ணெய்ப் பலகாரமே கூடாதுன்னுட்டாரு டாக்டர். கோயமுத்தூர்ல என் மக கேட்டா, அவளுக்குத்தான். ஆனா அவளுக்குக் காரம் ஆகாது. மாப்பிள்ளைதான் விரும்பித் திம்பாரு. சரி விடு, யாரோ திங்கட்டும்.

நீ எதுவரைக்கும் போற? பல்லடமா? நல்லதாப் போச்சு, பேச்சுத் துணைக்கு ஆளாச்சு. நான் காலைக் காட்டப் போறேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்காங்க. ஒரு நாள் முன்னக்கூட்டியே போயிட்டா அலைச்சல் இல்ல பாரு, அதான் இன்னைக்கே கெளம்பிட்டேன். வேற ஒண்ணும் இல்ல. இந்தக் கால் மட்டும் இல்லன்னா அந்த வீட்டு வாசப்படியை மிதிச்சிருக்கவே மாட்டேன். அப்பேர்ப்பட்ட அவமானம் பட்டுட்டு வந்திருக்கேன் அங்க. மணி என்ன தாயி? பத்தரைதானா? சாயங்காலம் அஞ்சுக்குள்ள கொண்டு விட்ருவான்ல இந்த டிரைவரு?

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க. எங்க பக்கம் மாமியாக்காரி மாப்பிள்ளைகிட்ட நேருக்கு நேர் பேச மாட்டா. அவரு வந்தா எந்திரிச்சு உள்ள போயிருவோம். எதாச்சும் சொல்லணும்னா மக மூலமாத்தான் சொல்றது. மக பக்கத்துல இல்லாட்டி செவத்தப் பாத்துச் சொல்றது. அது மரியாதை. சொர்ணாவுக்கு, அதான் என் சின்ன மக, கல்யாணமாகி நாலு வருஷம் ஆச்சு. அவ வீட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை நான் நேராப் பேசினதில்ல. அவ இதுக்குச் சண்டைக்கு வருவா. ‘பெரிய மாப்பிள்ளைகிட்ட மட்டும் வாய் ஓயாம பேசுறியேம்மா’ம்பா. அவன் என் அண்ணன் மகன், என் கண்ணு முன்னால வளந்த பய, அது வேற. இவரு, இவ கூடப் படிச்சு, இவளே பாத்து வச்சுக்கிட்ட மாப்பிள்ளை. அதுக்காகன்னு நெனச்சிராத. மரியாதைக்குத்தான் நான் பேசுறதில்ல.

பொங்கல் கழிஞ்சு, குழாயடியில வழுக்கி விழுந்து காலு முறிஞ்சு போச்சு. ராத்திரியோட ராத்திரியா மாப்பிள்ளை கார் எடுத்துட்டு சாத்தூருக்கே வந்துட்டாரு. பின் சீட்டுல என்னைப் படுக்க வச்சுக் கோயமுத்தூருக்குக் கொண்டு போனாரு பாரு, அந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல. பள்ளத்தைக் கண்டா நிக்கிறாரு, மேட்டைக் கண்டா நிக்கிறாரு. சைக்கிள்ல போறவன்லாம் எங்களைத் தாண்டிப் போறான். ஒரு எடத்துலகூட வண்டி குலுங்கல. நான் முன் சீட்டுல இருந்த சொர்ணாகிட்ட, ‘ஒம் புருசன் வண்டியை எந்தக் காலத்துலடி கொண்டு சேப்பாரு’ன்னு கேட்டேன். அவ என்னையே பாத்தா.

ஆபரேஷன் முடிஞ்சு தொடை வரைக்கும் கட்டுப் போட்டு விட்டாங்க. அவங்க வீட்டுல படுக்கிற ரூமு ஒண்ணுதான். அதை எனக்குக் குடுத்துட்டு ரெண்டு பேரும் ஹால்ல பாயைப் போட்டுக்கிட்டாங்க. அந்த ரூமுக்குள்ளதான் அந்த மெஷின் இருந்துச்சு.

என்ன மெஷின்னா, ஒரு நாற்காலி, கார்ல இருந்து பேத்து எடுத்த மாதிரி. முன்னால ஒரு ஸ்டீயரிங். கீழ பெடலு. எதுத்தாப்புல அகலமா ஒரு டிவி. வண்டி எங்கன்னு கேட்டேன். வண்டி டிவிக்குள்ள ஓடுமாம். ஊர்ல அங்கங்க இருக்கிற ஆளுக அவனவன் வீட்டு நாற்காலியில ஒக்காந்துக்கிட்டு, ஒரே ரோட்டுல ரேஸ் விடுவாங்களாம். எனக்குச் சிரிப்பா வந்துச்சு. பம்பு கம்பெனியில டிராயிங் போடுற மனுஷன், மீசை வச்ச ஆளு, இதுக்குள்ளயா ஒக்காருவாருன்னு நெனச்சேன்.

‘அத்தை ரெஸ்ட் எடுக்கட்டும், இதைக் கழட்டிப் பரண்ல போட்டுர்றேன்’னு மாப்பிள்ளை சொல்லியிருக்காரு. நான், ‘எனக்காக ஒரு சாமானையும் அசைக்க வேணாம்’னு சொல்லிவிட்டுட்டேன். நமக்கு எதுக்கு அடுத்த வீட்டு விசயம். பெறகு ஒரு மாசம் போல அவரு அதுகிட்டயே வரல. அவ ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போயிருவா, அவரு கம்பெனிக்குப் போயிருவாரு. நானும் அந்தச் செவத்துல மாட்டியிருக்கிற முருகன் காலண்டருமா மூஞ்சியை மூஞ்சியைப் பாத்துக்கிட்டு கெடந்தோம். கடைசியில ஒரு நாள் சொர்ணாகிட்ட, ‘ஏண்டி, அந்த மெஷின் தூசி படிஞ்சு கெடக்கே, தொடைக்க மாட்டாங்களா’ன்னு கேட்டேன். தூசிக்காகத்தான் கேட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே வந்து ஒக்காந்துட்டாரு.

எனக்குத் தொந்தரவாயிருமேன்னு ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு, சத்தமே இல்லாம ஓட்டினாரு. அவரு கையும் காலும் ஆடுது, டிவியில வண்டி பறக்குது, ஒரு சத்தம் கெடையாது. பாக்கவே என்னமோ போல இருந்துச்சு. சொர்ணாவும் வீட்டுல இல்ல. நான் காலண்டரைப் பாத்து, ‘முருகா, ஊமை வண்டியை எவ்வளவு நேரந்தான் பாத்துக்கிட்டு இருக்கிறது’ன்னேன். மாப்பிள்ளை திரும்பியே பாக்கல. ஒரு பொத்தானைத் தட்டினாரு. ரூமு பூரா எஞ்சின் சத்தம். அப்படித்தான் ஆரம்பிச்சது.

சொர்ணா ஒரு நாள் வெவரம் சொன்னா. அவரும் அவரு கம்பெனிப் பையங்க மூணு பேரும் ஒரு டீமாம். வருஷக் கடைசி ரேஸு பங்குனியில வருதாம். அதுல எட்டாவது எடத்துக்குள்ள வந்தாத்தான் அடுத்த வருஷமும் இவரு டீமுல இருப்பாரு. இல்லாட்டி இவரை எடுத்துட்டு வேற ஒருத்தனைப் போட்ருவாங்களாம். சின்ன வயசுல நெசமான ரேஸ் ஓட்டணும்னு ஆசைப்பட்டாராம், வீட்டுல வசதி இல்ல. ‘அவருக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதாம்மா’ன்னா. எனக்கென்ன, ஓட்டினா ஓட்டட்டும், ஓட்டாட்டிப் போகட்டும். ஆனா நம்ம வீட்டு மாப்பிள்ளையை ஒருத்தன் வேணாம்னு சொல்றதாவது? அது மட்டும் எனக்குப் பொறுக்கல.

அந்தக் கடைசி ரேஸு மைதானத்துல இல்ல தாயி, தெருவுல. கடலோரமா ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரு. வீடு, கடை, ஓட்டல் எல்லாத்துக்கும் நடுவுல எங்க ஊரு மேலரத வீதி அகலத்துக்கு ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் செவரு. ஒதுங்க எடமே கெடையாது, ஒரு சாண் தப்பினா வண்டி காலி. அந்த ஊர்க்காரங்க பால் வாங்க எந்தப் பக்கமாப் போவாங்கன்னு எனக்கு ஒரே யோசனை. கடலோரத்து நேர் ரோடு முடிஞ்சு எறக்கத்துல வந்தா ஒரு மணிக்கூண்டு. அதைச் சுத்தி வண்டி அப்படியே பின்னால திரும்பணும். அந்த எடத்துலதான் மாப்பிள்ளைக்குக் கண்டம். தெனமும் அதே வளைவு, அதே செவரு, அதே டமாரு. பக்கத்து வீட்டுக்காரம்மா ஒரு நாள் கதவைத் தட்டி, என்ன ஒடையுதுன்னு கேட்டுட்டுப் போனா.

இவரு என்ன பண்ணுவாருன்னா, சாயங்காலம் சொர்ணா வந்ததும் அவளைக் கட்டில்ல என் பக்கத்துல ஒக்கார வச்சு வெவரம் சொல்லுவாரு. ‘சொர்ணா, வண்டிக்கு முன்னாலயும் பின்னாலயும் றெக்கை இருக்கு பாரு. அதை நிமித்தி வச்சா காத்து வண்டியைத் தரையோட அமுக்கும். வளைவுல பிடிமானம் கெடைக்கும். ஆனா நேர் ரோட்டுல வேகம் கொறையும்’பாரு. அவ வேலை பாத்த அலுப்புல ஒக்காந்தபடியே தூங்குவா. அவ தூங்குறது தெரிஞ்சும் அவரு பாட்டுக்குச் சொல்லிக்கிட்டே இருப்பாரு, அதுவும் நல்லாச் சத்தமா. யாருக்குச் சொல்றாருன்னே எனக்கு வெளங்கல. நான் காதைப் பொத்திக்க முடியுமா? கட்டிலோட கெடக்கேன்.

அப்படித்தான் எனக்கும் நாலு விசயம் தெரிஞ்சு போச்சு. ஒரு நாள் முருகன்கிட்ட, ‘இவ்வளவு பெரிய செவரு இருக்கிற எடத்துல றெக்கையை நல்லா நிமித்தி வச்சா என்னவாம்’னேன். மாப்பிள்ளை ஒடனே நிமித்தி வச்சாரு. அன்னைக்கு டீமுக்குள்ள ஓட்டிப் பாத்ததுல கடலோர ரோட்டுல எல்லாப் பயலுகளும் இவரைத் தாண்டிப் போயிட்டானுங்க. கடைசி ஆளா வந்தாரு. நான் சொன்ன அளவுக்கு நிமித்தியிருக்க மாட்டாருன்னு நெனைக்கேன். நிமித்தியிருந்தா ஜெயிச்சிருப்பாரு.

ஆனா ஸ்பிரிங் விசயத்துல நான்தான் சரி. தெருவுன்னா மேடும் பள்ளமும் இருக்கும்ல? வண்டி வெறைச்சுக்கிட்டுத் தவ்வித் தவ்விப் போகும். ‘முருகா, பாக்கிற எனக்கே காலு வலிக்குதே’ன்னேன். அவரு டிவிக்குள்ளயே ஸ்பிரிங்கை இளக்கி விட்டாரு. ஒரு ராத்திரிக்குள்ள முடியிற வேலையா அது? கொஞ்சம் இளக்குவாரு, ஓட்டிப் பாப்பாரு, பெறகு கொஞ்சம் இறுக்குவாரு. ஒரு வாரம் இதே பொழப்பு. கடைசியில வண்டி ரோட்டோட ஒட்டி அப்படி ஓடுச்சு, அன்னைக்கு என்னைக் கூட்டிட்டு வந்த காரு மாதிரி. நான் சொல்லித்தான் அதெல்லாம் நடந்துச்சு, பாத்துக்க.

மணிக்கூண்டுதான் மசியல. அந்த வெளையாட்டுல கெட்டிக்காரப் பையன் ஒருத்தன் ஓட்டினதைப் போட்டுப் போட்டுப் பாப்பாரு மாப்பிள்ளை. நானும் பாத்தேன், கண்ணைக் கட்டிக்கிட்டா கெடக்க முடியும்? அந்தப் பையன் வண்டி எறக்கத்துலயே வேகத்தைக் கொறைச்சுரும். பெறகு பிரேக்கை ஒரேயடியா விடாம, திருப்பத் திருப்பக் கொஞ்சங் கொஞ்சமா விடுவான். இதை மாப்பிள்ளையும் செய்வாரு. ஆனா அந்தப் பையன் வெளிப்பக்கமாவே போயி, மணிக்கூண்டு அடியில இருந்து உச்சி வரைக்கும் முழுசாத் தெரிஞ்ச பெறகுதான் உள்ள திருப்பினான். அதனால வெளிய வரும்போது அவனுக்கு ரோடு நேரா இருந்துச்சு. இவரு கூண்டு பாதி தெரியும்போதே திருப்பிருவாரு, ஆசை. சீக்கிரம் உள்ள போயிட்டா வெளிய வரும்போது செவருதான். இந்தா, நம்ம டிரைவரைப் பாரு, இவனும் சீக்கிரந்தான் திருப்புறான். எல்லாப் பயலுக்கும் அவசரம்.

‘முருகா, கூண்டு முழுசாத் தெரியிற வரைக்கும் பொறுத்தா என்ன கொறைஞ்சிரும்’னேன். மாப்பிள்ளை பெடல்ல இருந்து காலை எடுத்துட்டு, அந்தப் பையன் ஓட்டினதை இன்னொரு தடவை போட்டுப் பாத்தாரு. பெறகு ஓட்டினாரு. செவுத்துல படல. திரும்பவும் ஓட்டினாரு, படல. எனக்கு வந்த சந்தோஷத்துல கட்டுப் போட்ட காலை ஆட்டிட்டேன் தாயி, உயிர் போயிருச்சு. தனியா ஓட்டும்போது சரியாப் பொறுப்பாரு. பக்கத்துல ஒரு வண்டி வந்துட்டா மட்டும் மறந்துருவாரு.

ரேஸு அன்னைக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம். சொர்ணாவுக்கு அன்னைக்குப் பாத்து டூட்டி. வீட்டுல நாங்க ரெண்டு பேருந்தான், கூட முருகன். மாப்பிள்ளை குளிச்சுத் துண்ணூறு பூசி, ஸ்டீயரிங்குக்கும் ஒரு கோடு இழுத்துட்டு ஒக்காந்தாரு. பதினாலாவதா ஆரம்பிச்சாரு. ஒவ்வொருத்தனா செவுத்துல மோத மோத, இவரு பதனமா ஓட்டி ஒம்பதாவதுக்கு வந்துட்டாரு. கடைசிச் சுத்து. முன்னால ஒரே ஒரு செவப்பு வண்டி. அதைத் தாண்டினா எட்டு. இல்லாட்டி டீமுல எடம் போச்சு.

கடலோர ரோட்டுல ஒட்டிக்கிட்டே போனாரு. எறக்கம் வந்துச்சு. கூண்டு பாதிதான் தெரியுது, அதுக்குள்ள அந்தச் செவப்பு வண்டிக்காரன் திருப்பிட்டான். அவன் திருப்பினதைப் பாத்து இவரு தோளும் சாயுது. முருகனைப் பாத்துச் சொல்ல ஏது நேரம்? என்னையறியாம வாயில வந்துருச்சு. ‘டேய், பொறுடா! கூண்டு இன்னும் தெரியலடா!’

வீடே அதிர்ற மாதிரி கத்திட்டேன். அவரு கை அப்படியே நின்னுருச்சு. பொறுத்தாரு. கூண்டு முழுசாத் தெரிஞ்சுச்சு. பெறகு திருப்பினாரு. செவப்பு வண்டி போயிச் செவுத்துல ஒரசுது, இவரு அவனுக்கு உள்பக்கமா வழுக்கிக்கிட்டுப் போறாரு. எட்டாவது எடம் தாயி. எட்டு.

அதைப் பாத்துச் சந்தோஷப்பட முடிஞ்சுதா எனக்கு? நான் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கிட்டேன். மாப்பிள்ளையை, மீசை வச்ச மனுஷனை, டேய்னுட்டேன். டா போட்டுட்டேன். எங்க சாதி சனத்துல எவளாச்சும் இப்படிச் செஞ்சிருப்பாளா? இதுல இன்னொரு கொடுமை. டீமுப் பயலுககூடப் பேசுறதுக்கு அன்னைக்கு அவரு காதுல மாட்டியிருந்த சாமான்ல மைக்கும் இருந்திருக்கு. ரேஸ்ல இருந்த அத்தனை பயலுக்கும் கேட்டிருக்கு. யாருன்னு கேட்டிருக்கானுங்க. ‘எங்க அத்தை’ன்னாரு, எனக்குப் போர்வைக்குள்ள கேக்குது. டிவியில ஒரே சிரிப்புச் சத்தம்.

நான் தூங்குற மாதிரி கெடந்தேன். கொஞ்ச நேரங் கழிச்சுக் காபி வாசம் வந்துச்சு. தலைமாட்டுல டம்ளர் வைக்கிற சத்தம். பெறகு அவரு காலண்டர்கிட்டப் போயி நின்னுக்கிட்டு, ‘முருகா, அத்தை எந்திரிச்சா ஆறுறதுக்குள்ள குடிக்கச் சொல்லு’ன்னாரு. கிண்டலைப் பாத்தியா? மாமியாக்காரி வெக்கப்பட்டுக் கெடக்கா, இவரு முருகன்கிட்டச் சொல்றாரு. காபி என்னமோ நல்லாத்தான் இருந்துச்சு, சக்கரை அளவாப் போட்டிருந்தாரு.

பெறகு நான் அந்தப் பக்கமே தலையைத் திருப்பல. கட்டைப் பிரிச்ச மறுநாள் ஊருக்கு வந்துட்டேன். அந்த டீம்காரப் பயலுக நான் கத்தினதைப் பதிஞ்சு வச்சு, ஓட்டுறதுக்கு முன்னாடி போட்டுக் கேட்டுக்கிறானுங்களாம். சொர்ணா சொல்லிச் சொல்லிச் சிரிக்கா. நீயே சொல்லு, இது அவமானமா இல்லையா? இதை எப்படிப் பொறுத்துக்கிட்டு நான் அந்த வீட்டுக்குப் போறது? இன்னைக்கு ஆறு மணிக்குப் புது வருஷத்து முதல் ரேஸாம், அதே தெருவுல. அதுக்கும் நான் இன்னைக்குப் போறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல.

இரு, போன் அடிக்குது. பையில எங்க வச்சேன்... கண்ணாடி இல்லாமத் தெரியல, யாருன்னு பாரு தாயி. மாப்பிள்ளைன்னு போட்டிருக்கா? ஐயய்யோ. அவரு எனக்குப் போன் போட்டதே இல்லையே. சொர்ணாவுக்கு எதும்... நீ எடும்மா. நீ பேசு. நான் எப்படிப் பேச? பக்கத்து சீட்டுப் பொண்ணுன்னு சொல்லு.

என்ன சொல்றாரு? எல்லாரும் சொகந்தானா? அப்பாடா. பெறகு என்னவாம்? காலையில இருந்து கூண்டுலயே மோதுதா? றெக்கையை மாத்தவா, ஸ்பிரிங்கை இறுக்கவான்னு கேக்காரா? ஒண்ணுத்தையும் தொட வேணாம்னு சொல்லு. வண்டியில கொறை இல்லன்னு சொல்லு. கூண்டு முழுசா... இல்ல தாயி, பிரேக்கை முழுசாப் பிடிக்கன்னு நான் எப்பச் சொன்னேன்? பிரேக்கைக் கொஞ்சங் கொஞ்சமா விடணும், கூண்டுதான் முழுசாத் தெரியணும். நீ தப்புத் தப்பாச் சொல்லி மனுஷனைச் செவுத்துல ஏத்திருவ போலயே. என்னது, என்கிட்டத்தான் பேசணும்ங்கிறாரா?

சரி, கொண்டா.

அலோ. நான்தாங்க. பஸ்ஸுலதான் வந்துக்கிட்டு இருக்கேன், அஞ்சுக்குள்ள வந்துருவேன். ஆமா, கேட்டேன். வண்டியில ஒண்ணும் இல்லைங்க மாப்பிள்ளை, நீங்க பொறுக்க மாட்டேங்கிறீங்க, அவ்வளவுதான். என்னது? அன்னைக்கு மாதிரியா? அய்ய, அதெல்லாம் முடியாதுங்க. பஸ்ஸுல நாலு பேரு பாக்காங்க. பக்கத்துல வயசுப் பொண்ணு வேற ஒக்காந்திருக்கு, சிரிக்கும். இல்லைங்க. அப்படிச் சொன்னாத்தான் காதுல ஏறுதாக்கும்? நல்ல ஆளுய்யா.

சரி. இந்த ஒரு தடவைதான்.

டேய். பொறுடா. கூண்டு முழுசாத் தெரியட்டும்.

ம். சாப்ட்டியா?